ஏற்காட்டு ஹெரால்டுக்கு ஸ்டீயரிங் பாகங்கள்: எதைத் தேடுவது, எங்கே தேடுவது

கேள்வி: "ஏற்காட்டில் எங்கள் தாத்தா வைத்திருந்த 1969 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, நான்கு கதவு வண்டி, பத்து வருடம் ஷெட்டிலேயே நின்றது. எஞ்சின் இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனால் ஸ்டீயரிங் வீல் நேராக இருக்கும்போது நான்கு விரல் அகலத்துக்குச் சும்மா ஆடுகிறது. சேலத்திலிருந்து வந்து பார்த்த மெக்கானிக், ரேக் போய்விட்டது, இனி இதற்கு ரேக் கிடைக்காது, மாருதி 800 ரேக்கை மாட்டிவிடலாம் என்கிறார். ஒரிஜினல் ரேக் எங்கே கிடைக்கும், அய்யா? இந்த வண்டியை நம்பி மலை இறங்கலாமா?"

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதிருக்கும் நிலையில் வண்டியை மலையிலிருந்து ஓட்டி இறக்காதீர்கள். அடிவாரத்துக்கு வர 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஸ்டீயரிங்கை நன்றாக ஒடிக்க வேண்டும், பிரேக்கை மிதித்திருக்க வேண்டும், வண்டியின் பாரம் முன்சக்கரத்தின் மேல் சாய்ந்திருக்கும். ஐம்பது வயதான ஸ்டீயரிங் பாகம் ஒன்று உடையக் காத்திருந்தால் அது உடையப்போவது அங்கேதான். குப்பனூர் வழியாக இறங்கினால் வளைவு குறைவு என்று யாராவது சொல்வார்கள். இறக்கம் இறக்கம்தான், அதுவும் வேண்டாம். சேலத்துக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றால் ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். கயிறு கட்டி இழுப்பதும் கூடாது, ஏனென்றால் இழுபடும் வண்டியையும் ஸ்டீயரிங்தான் காப்பாற்ற வேண்டும்.

சரி, ரேக் விஷயம். ஸ்டீயரிங் திரும்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டு போகும், குழாய்க்குள் இருக்கும் பல் வெட்டிய கம்பிதான் ரேக். அது கிடைக்கும். ஆனால் உங்கள் வண்டிக்கு ரேக் தேவையா என்பதே இன்னும் தெரியவில்லை. நான் முப்பது வருடத்துக்கு மேலாக ஹெரால்டு வைத்திருக்கிறேன், சேலம், நாமக்கல் பக்கத்து நண்பர்களின் வண்டிகளையும் பிரித்துப் பார்த்திருக்கிறேன். "ரேக் போச்சு" என்று சொல்லப்பட்ட வண்டிகளில் பாதிக்கு மேல் ரேக் நன்றாகவே இருந்தது. ஆட்டம் வேறு எங்கோ இருந்தது. ஸ்டீயரிங் பாகம் தேடுகிறவர்கள் பணத்தை வீணாக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எது தேய்ந்திருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே எதை வாங்குவது என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

ஹெரால்டில் ஒரு பெரிய வசதி உண்டு. பானெட்டும் இரண்டு பக்க மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். ரேக், சஸ்பென்ஷன், சக்கரம் எல்லாம் கண் முன்னால் நிற்கும், குழியில் இறங்க வேண்டியதில்லை. சமதரையில் நிறுத்தி, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கில் உட்காரட்டும். முன்சக்கரங்கள் தரையில் ஊன்றியே இருக்க வேண்டும், ஜாக்கி இப்போது வேண்டாம். அவர் அந்த நான்கு விரல் அகலத்துக்கு மட்டும் இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் முன்னால் நின்று, ஸ்டீயரிங் ராடிலிருந்து சக்கரம் வரை ஒவ்வொரு இணைப்பாகக் கண்ணால் தொடர்ந்து வாருங்கள். அசைவு எந்த இடம் வரை வருகிறது, எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பார்க்க வேண்டும். அது நிற்கும் இடத்தில்தான் நோய்.

முதலில் ரேக் குழாயைப் பாருங்கள், பல்லை அல்ல. குழாய் மொத்தமாக இடமும் வலமும் நகர்கிறதா? ஹெரால்டில் ரேக் இரண்டு ரப்பர் புஷ்களின் மேல் யு போல்ட்டால் சேஸிஸில் பிடிக்கப்பட்டிருக்கும். அது எஞ்சினின் முன்பக்கத்தில் தாழ்வாக இருப்பதால், எஞ்சின் முன் சீல் கசிந்தால் ஆயில் நேராக அந்த ரப்பர் மேல்தான் இறங்கும். ஆயிலில் ஊறிய ரப்பர் அல்வா மாதிரி ஆகிவிடும். அப்புறம் நீங்கள் ஸ்டீயரிங்கை ஒடித்ததும் முதலில் ரேக் நகரும், பிறகுதான் சக்கரம் திரும்பும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அது அப்படியே ரேக் தேய்ந்த மாதிரிதான் தெரியும். பத்து வருடம் நின்ற வண்டி என்கிறீர்கள், என் சந்தேகம் முதலில் இங்கேதான் போகிறது. இதற்கு வேண்டியது இரண்டு புஷ்ஷும், யு போல்ட் அரித்திருந்தால் அதுவும், அவ்வளவுதான். ஆனால் புஷ்ஷைக் கழற்றும்போது சேஸிஸில் அது உட்காரும் பிராக்கெட்டைத் துடைத்து விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மலையில் ஈரத்தில் நின்ற வண்டி.

அடுத்தது, ஸ்டீயரிங் ராடும், ரேக்கின் பற்களைத் தள்ளும் சிறு பல்சக்கரமான பினியனும் சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் கப்ளிங். ராடு திரும்பி, கப்ளிங் முறுக்கிக்கொண்டு, பினியன் சும்மா இருந்தால் கப்ளிங்தான் குற்றவாளி. விரல் நகத்தை வைத்து ரப்பரைக் கீறிப் பாருங்கள், வெடிப்பு விழுந்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். சில பட்டறைகளில் பழைய லாரி டயரை வட்டமாக வெட்டி ஓட்டை போட்டு மாட்டித் தருவார்கள். நானே அப்படி மாட்டப்பட்ட ஒரு வண்டியை ஓட்டியிருக்கிறேன். அது நீடிக்காது, போல்ட் ஓட்டை நீள்வட்டமாக இழுத்துக்கொள்ளும். கப்ளிங் மாற்றிய பிறகு ஹாரன் அடிக்கவில்லை என்றால் பயப்படாதீர்கள். ஹாரனின் எர்த் அந்த ராடு வழியாகத்தான் வருகிறது. ரப்பர் நடுவில் நின்று மின்சாரத்தைத் தடுப்பதால், கப்ளிங்கைத் தாண்டி ஒரு சிறு எர்த் வயர் கட்டியிருப்பார்கள். அதைக் கழற்றியவர் திரும்ப மாட்ட மறந்திருப்பார். ஏற்காட்டு வளைவில் ஹாரன் இல்லாமல் போக முடியாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதே ராடில் இன்னொரு இடமும் கவனிக்கத்தக்கது. ஹெரால்டின் ஸ்டீயரிங் ராடு ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு துண்டு. மோதினால் டிரைவர் நெஞ்சில் குத்தாமல் உள்ளே வாங்கிக்கொள்வதற்காக 1959லேயே அப்படிச் செய்தார்கள். இரண்டையும் ஒரு கிளாம்பும் அதற்குள் ஓர் ஆலன் ஸ்குருவும் பிடித்திருக்கும். அது தளர்ந்திருந்தால் வீல் முன்னும் பின்னும் நழுவும். இறுக்கி, லாக் நட் போட்டால் போதும். வீல் மேலும் கீழும் ஆடினால் ராடின் புஷ் தேய்ந்திருக்கிறது, அது நைலான் கட்டையில் லேத்தில் கடைந்துகொள்ளக்கூடிய சின்ன வேலை.

இனி டை ராட் எண்டு, அதாவது ரேக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் முனையில் உள்ள மூட்டு. ஒருவர் ஆட்டும்போது அந்த மூட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். தேய்ந்திருந்தால் 'டக் டக்' என்று கையிலேயே தட்டும். அப்புறம் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை இரண்டு பக்கவாட்டிலும் பிடித்து அசையுங்கள், பிறகு மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். மேல் கீழ் ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசையுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் அது வீல் பேரிங், பேரிங் கடையில் நம்பர் சொல்லி வாங்கிவிடலாம். பிரேக் மிதித்த பிறகும் ஆடினால் மேல் பால் ஜாயிண்ட் அல்லது கீழே இருக்கும் டிரனியன்.

டிரனியன் என்ற பெயரை நீங்கள் மனப்பாடமே செய்துகொள்ளுங்கள் தம்பி. உங்கள் வண்டியில் என்னை ரேக்கை விட அதிகம் பயமுறுத்துவது அதுதான்.

ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்குவது ஒரு நிமிர்ந்த இரும்புத் துண்டு, வெர்டிகல் லிங்க் என்பார்கள். மேலே அது பால் ஜாயிண்டில் திரும்பும். கீழே அதன் முனையில் மரை வெட்டி, பித்தளை டிரனியனுக்குள் திருகி விட்டிருப்பார்கள். நீங்கள் ஸ்டீயரிங்கை ஒடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மரை திருகிக்கொண்டும் அவிழ்ந்துகொண்டும் இருக்கிறது. ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை, மாற்றி வாங்கிவிடாதீர்கள். இந்த மரைக்குள் போக வேண்டியது ஆயில், கிரீஸ் அல்ல. கியர் பாக்ஸுக்கும் ஆக்சிலுக்கும் ஊற்றும் இ.பி. 90 ஆயில். கிரீஸ் மரை முழுக்கப் பரவாது, நாளாக நாளாகக் காய்ந்து கட்டியாகும், மேலிருந்து இறங்கும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்பு மரை துருப்பிடிக்கும், பித்தளையோடு இறுகும். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஒடிப்பும் அந்த லிங்கை முறுக்க ஆரம்பிக்கும். மரையின் பள்ளத்திலிருந்து விரிசல் கிளம்பும். ஒரு நாள் லிங்க் முறிந்து சக்கரம் மடங்கிக்கொள்ளும்.

எனக்கு நடந்திருக்கிறது. தொண்ணூறுகளில் ஒரு பட்டறையில் சர்வீஸுக்கு விட்டபோது டிரனியனில் நிப்பிள் மாட்டி நன்றாக கிரீஸ் அடித்துக் கொடுத்தார்கள். நானும் அது நல்லது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போய்விட்டு மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இறங்கி வந்து, அஸ்தம்பட்டியில் என் வீட்டுக் கேட்டுக்குள் வண்டியை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது, 'டப்' என்று ஒரு சத்தம். இடது சக்கரம் மட்கார்டுக்குள் சாய்ந்து கிடந்தது. நடக்கிற வேகத்தைவிடக் குறைவாகத்தான் வந்தேன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அதே சக்கரம் அந்த வளைவுகளில் எங்கள் நால்வரையும் தாங்கிக்கொண்டு வந்திருக்கிறது. உடைந்த முனையைப் பார்த்தேன், முக்கால் பங்கு பழைய துரு, கால் பங்குதான் புதிதாக முறிந்த பளபளப்பு. அந்தத் துண்டை இன்னும் வைத்திருக்கிறேன், ஹெரால்டு வாங்கப் போகிறேன் என்று யார் வந்தாலும் முதலில் அதை எடுத்துக் காட்டுவேன்.

அதனால் ரேக் எப்படி இருந்தாலும், இரண்டு பக்க டிரனியனையும் கழற்றுங்கள். மரையைத் துடைத்துப் பாருங்கள். பள்ளம் விழுந்த துரு இருந்தால் அந்த லிங்கை ஒதுக்கிவிடுங்கள். பார்வைக்கு நன்றாக இருந்தால், வெல்டிங் பரிசோதனை செய்பவர்களிடம் சிவப்புச் சாயம் அடித்து வெள்ளைப் பவுடர் தெளிக்கும் டப்பாக்கள் இருக்கும். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடாக எழும்பி வந்துவிடும். திரும்ப மாட்டும்போது மரையை முழுக்க உள்ளே திருகி அப்படியே விட்டுவிடக் கூடாது. சற்றுப் பின்னால் அவிழ்த்து, இரண்டு பக்கமும் முழுக்க ஒடிக்க இடம் இருக்கும்படி வைக்க வேண்டும். பிறகு டிரனியனில் இருக்கும் பிளக் ஸ்குருவைக் கழற்றி நிப்பிள் மாட்டி, கிரீஸ் கன்னில் 90 ஆயிலை நிரப்பி, மேல் பக்கம் கசிந்து வரும் வரை அடியுங்கள். உங்கள் ஊர் மழைக்கும் பனிக்கும், மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை அடித்தே ஆக வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகு, பினியன் திரும்பியும், பூட் என்கிற ரப்பர் உறைக்குள் இருக்கும் ராடு அசையவில்லை என்றால்தான் ரேக் உண்மையிலேயே தேய்ந்திருக்கிறது. அப்போதும் உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை. ரேக்கைப் பினியனோடு ஒரு ஸ்பிரிங்கும் பிளஞ்சரும் அழுத்திப் பிடித்திருக்கும், அங்கே இருக்கும் ஷிம் என்கிற மெல்லிய தகட்டை எடுத்தால் ஆட்டம் குறையும். இதில் ஒரு பொறி இருக்கிறது. எந்தக் காரானாலும் அதிக நேரம் நேராகத்தான் ஓடுகிறது, அதனால் ரேக்கின் நடுப் பற்கள்தான் தேயும், ஓரப் பற்கள் புதிதாகவே இருக்கும். நடுவில் ஆட்டம் போகும் வரை ஷிம் எடுத்து இறுக்கினால், ஓரத்துக்குப் போகும்போது இறுகிப் பிடித்துக்கொள்ளும். சேலம் ரோட்டில் அது தெரியவே தெரியாது. கொண்டை ஊசியில் ஒடித்த ஸ்டீயரிங் திரும்பி வராமல் நிற்கும்போதுதான் தெரியும். எனவே ஷிம் எடுத்தால், சக்கரம் தூக்கியிருக்கும்போது ஓரத்திலிருந்து ஓரம் ஒரே கனத்தில் திரும்புகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அப்படி அமையவில்லை என்றால் வேறு ரேக்தான்.

மாருதி ரேக் யோசனையை விட்டுவிடுங்கள். ஹெரால்டின் ரேக் முன் அச்சுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. முன்சக்கர இழுவைக் கார்களில் பெரும்பாலும் எஞ்சினுக்குப் பின்னால், அச்சுக்குப் பின்னால் இருக்கும். பின்னால் இருக்க வேண்டியதை அப்படியே முன்னால் வைத்தால், நீங்கள் இடப்பக்கம் ஒடிக்க சக்கரம் வலப்பக்கம் திரும்பும். இதைச் சமாளிக்க ரேக்கைக் கவிழ்த்து மாட்டுவார்கள், பிராக்கெட் வெல்டு செய்வார்கள். அதோடு பிரச்சினை தீராது. ரேக்கின் இரண்டு உள் மூட்டுகளுக்கு நடுவே உள்ள தூரம், சஸ்பென்ஷன் கைகள் மேலும் கீழும் போகும் வட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். அது ஒத்துப்போகாவிட்டால் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் நீங்கள் ஒடிக்காமலேயே கொஞ்சம் திரும்பும். ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் கார். ஏற்காட்டு வளைவுகளில் பின்னால் எடுக்காமல் ஒரே மூச்சில் திரும்புகிற அந்த அழகு வேறு ரேக்கில் வராது. அதை இழப்பதற்கு நாம் ஏன் செலவு செய்ய வேண்டும்?

சரி, எங்கே கிடைக்கும்? இதில் உங்களுக்கு நல்ல செய்திதான். ஹெரால்டு சென்னைக்குத் தெற்கே ஸ்டாண்டர்ட் கம்பெனி தயாரித்த கார் என்றாலும், அடிப்படையில் அது இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு. அதே சேஸிஸ் யோசனையில், அதே முன் சஸ்பென்ஷனோடு டிரையம்ஃப் கம்பெனி வைட்டெஸ், ஸ்பிட்ஃபயர், ஜிடி6 என்று வேறு கார்களையும் செய்தது. ஸ்பிட்ஃபயர் 1962 முதல் 1980 வரை 3 லட்சத்துக்கும் மேல் தயாரான கார். லோட்டஸ் கம்பெனிகூட தன் எலான் காரின் முன்பக்கத்துக்கு டிரையம்ஃப் லிங்கைத்தான் எடுத்துக்கொண்டது. அத்தனை வண்டிகளையும் வைத்திருப்பவர்கள் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் இங்கிலாந்தில் ரேக், டிரனியன், லிங்க், கப்ளிங், ரேக் புஷ் எல்லாம் புதிதாகவே விற்பனையில் இருக்கின்றன. ரிம்மர் பிரதர்ஸ், கேன்லி கிளாசிக்ஸ் இரண்டும் இதில் பெயர் பெற்ற கடைகள். உங்கள் நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும் வந்தது, அங்கே இரண்டு கதவுதான், எனவே உங்கள் வண்டியின் பெயரில் தேடினால் ஒன்றும் வராது. கதவுக்கும் ஸ்டீயரிங்குக்கும் சம்பந்தமில்லை. டிரையம்ஃப் ஹெரால்டு முன் சஸ்பென்ஷன் என்று தேடுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. ரேக் வலப்பக்க ஸ்டீயரிங்குக்கானதா என்று உறுதி செய்யுங்கள். ஸ்பிட்ஃபயர் நிறைய அமெரிக்காவுக்குப் போன கார், இடப்பக்க ரேக்கும் மலிவாக விற்பனைக்கு வரும், அது உங்களுக்கு உதவாது. லிங்க் வாங்கினால் டிரம் பிரேக் வண்டிக்கானதா, டிஸ்க் பிரேக்குக்கானதா என்று கேளுங்கள். ரீகண்டிஷன் செய்த ரேக்கை, பழையதைத் திருப்பி அனுப்பினால் இந்த விலை, அனுப்பாவிட்டால் கூடுதல் என்று போட்டிருப்பார்கள். இங்கிருந்து பழைய ரேக்கை அனுப்பும் கூலியைக் கணக்கிட்டால் கூடுதல் தொகையைக் கட்டிவிடுவதே மேல், பழையதும் உங்களிடமே இருக்கும். சுங்க வரி, பொருளின் விலையோடு அனுப்பும் கூலியையும் இன்ஷூரன்ஸையும் சேர்த்த தொகைக்குப் போடப்படும், அதன் மேல் ஜிஎஸ்டி. கூரியர்காரர் கேஒய்சி கேட்பார். ஆகவே ஒவ்வொரு பாகமாக வரவழைக்காமல், முழுச் சோதனையும் முடித்து ஒரே பட்டியலாக ஒரே பெட்டியில் வரவழையுங்கள்.

உள்ளூரில் தேட வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டை. அந்தக் கார் பிறந்த ஊர் என்பதால் ஹெரால்டு, அதே கம்பெனியின் கசல் ஆகிய கார்களின் பாகங்கள் காயலான் கடைகளின் மூலையில் இன்னும் சிக்குகின்றன. பெங்களூரு ஜே.சி. ரோட்டில் பழைய ஸ்டாக் வைத்திருக்கும் ஸ்பேர்ஸ் கடைகளையும் கேட்கலாம். போகும்போது பாகத்தைக் கையில் கொண்டு போங்கள். "ஹெரால்டு டை ராட் எண்டு இருக்கா?" என்று கேட்டால் கவுண்டரில் இருக்கும் இளைஞர் இல்லை என்று சொல்லிவிடுவார். பழசை எடுத்து மேஜை மேல் வைத்தால், உள்ளே இருக்கும் பெரியவர் எழுந்து வந்து பார்ப்பார். என் அனுபவத்தில் இதற்கு விதிவிலக்கே இல்லை. பழைய லிங்கையும் பழைய டிரனியனையும் மட்டும் காயலான் கடையில் வாங்காதீர்கள். அது எந்தக் காரிலிருந்து, எப்படி ஓடிய காரிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. பழைய ரேக் வாங்கலாம், பிரித்துப் பார்க்க முடியும்.

டை ராட் எண்டுக்கு வேறு வண்டியுடையதைப் பொருத்தலாமா என்றால், நான்கும் ஒத்துப்போனால் பொருத்தலாம்: மரை, கூம்பின் சரிவு, கூம்பின் பருமன், நீளம். ஹெரால்டில் இருப்பது அங்குலக் கணக்கு மரை, யு.என்.எஃப் என்பார்கள். இன்றைய கார்களில் மில்லிமீட்டர் மரை. இந்த இரண்டும் ஏமாற்றும். அரை அங்குல யு.என்.எஃப் மரையின் இடைவெளி 1.27 மில்லிமீட்டர், எம் 12 நுண் மரையின் இடைவெளி 1.25. கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் ஒன்றின் விட்டம் 12.7, மற்றதன் விட்டம் 12. அதனால் அரை அங்குல நட் எம் 12 போல்ட்டில் அழகாக ஏறிவிடும், இறுக்கியதுபோலவும் இருக்கும், பாரம் வந்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். மரை கேஜும் வெர்னியரும் இல்லாமல் எதையும் ஒத்துப்பார்க்க வேண்டாம். கூம்பைப் பார்க்க பிரஷ்யன் புளூ என்கிற நீலப் பசையை மெல்லியதாகப் பூசி, ஸ்டீயரிங் ஆர்மின் துளையில் அழுத்தி எடுங்கள். நீலம் முழு நீளத்துக்கும் ஒட்டியிருந்தால் சரி. ஒரு வளையமாக மட்டும் ஒட்டியிருந்தால் அது அந்த ஒற்றை வளையத்தில்தான் நிற்கிறது, வேண்டாம்.

சேலத்தில் என்ன செய்துகொள்ளலாம் என்றால், நிறைய. லாரித் தொழில் உள்ள ஊர், பக்கத்திலேயே சங்ககிரியும் நாமக்கல்லும். லேத் பட்டறைகளில் புஷ் கடைவது, பேரிங், ஆயில் சீல் கிடைப்பது எல்லாம் ஒரே நாளில் ஆகும் வேலை. ரேக் பூட் கிழிந்திருந்தால் இரண்டு வாயின் விட்டத்தையும் நீளத்தையும் அளந்து போய், வேறு காருடையதில் ஒத்ததை எடுத்துக்கொள்ளலாம். ரேக் புஷ்ஷை மாதிரி கொடுத்து கோவையில் ரப்பர் மோல்டு செய்பவர்களிடம் செய்துகொண்டவர்கள் உண்டு, ஆயில் தாங்கும் ரப்பர் என்று சொல்லிக் கேளுங்கள். ஆனால் லிங்க், ஸ்டீயரிங் ஆர்ம், டை ராட், இந்த மூன்றிலும் வெல்டிங் கூடாது, காய்ச்சி நிமிர்த்துவதும் கூடாது. எங்கள் ஊர் வெல்டர்களின் கைத்திறமையை நான் மதிக்கிறேன். லாரி சேஸிஸை ஒட்டி ஓட வைப்பவர்கள். ஆனால் இந்தப் பாகங்கள் பதப்படுத்திய எஃகு. தீ பட்ட இடத்தில் பதம் போய்விடும், ஒட்டு நன்றாக இருந்தாலும் ஒட்டுக்குப் பக்கத்தில் முறியும்.

இதே பதிலை அம்பாசடர், ஃபியட் வைத்திருப்பவர்களும் படிப்பீர்கள் என்பதால் இரண்டு வரி. அம்பாசடரும் ரேக் அண்ட் பினியன்தான். 2014 வரை உற்பத்தியில் இருந்த கார், பாகம் தேடி அலைய வேண்டியதில்லை. ஃபியட், பத்மினி வண்டிகளில் ரேக் கிடையாது, ஸ்டீயரிங் பாக்ஸ். அதில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு. பாக்ஸை இறுக்கும் முன் ஐட்லர் ஆர்மைப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான். நடுவில் தேயும், ஓரத்தில் இறுகும் என்று ரேக்குக்குச் சொன்னது பாக்ஸுக்கும் அப்படியே பொருந்தும்.

எல்லாம் மாட்டியபின் எல்லா நைலாக் நட்டும் ஸ்பிளிட் பின்னும் புதிதாகப் போடுங்கள், பழையது வேண்டாம். அலைன்மெண்ட் கடையின் கம்ப்யூட்டரில் ஹெரால்டு இருக்காது. டோ இன், அதாவது முன்சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவை மட்டும் கையால் அளந்து வைக்கச் சொல்லுங்கள், சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவைக் கொண்டு போங்கள். முதல் ஓட்டம் ஓமலூர் ரோடு போன்ற சமதரையில் ஐம்பது கிலோமீட்டர். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு நட்டையும் மறுபடி ஸ்பானர் வைத்துப் பாருங்கள். அப்புறம் அடிவாரத்திலிருந்து ஐந்தாறு வளைவு ஏறி, திரும்பி இறங்கி, மறுபடி பாருங்கள். ரேக் புஷ் புதிதென்றால் யு போல்ட் நிச்சயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும், இறுக்கிவிடுங்கள். மூன்றாவது முறை பார்க்கும்போது எதுவும் தளராமல் இருந்தால் வண்டியை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகலாம்.

இந்த வாரம் பானெட்டைத் திறந்து, ஒருவரை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்து, அந்த ரேக் குழாய் நகர்கிறதா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள். நகர்ந்தால் உங்கள் செலவு புஷ்ஷோடும் டிரனியனோடும் முடிந்துவிடலாம். நகராமல் உள்ளே பல்தான் தேய்ந்திருக்கிறது என்றால், இங்கிலாந்துக்குப் பணம் அனுப்பும் முன் சொல்லுங்கள். என் ஷெட்டில் வலப்பக்க ஹெரால்டு ரேக் ஒன்று கழற்றி ஆயில் தடவி வைத்திருக்கிறேன், உங்களுடையதோடு அளந்து பார்ப்போம்.